ஜோசஃபின் போஸ்: ஒரு கடிதம்

வணக்கம். இங்கிலாந்தின் போஸ் அருங்காட்சியகத்தைக் கணவருடன் சேர்ந்து உருவாக்கிய ஜோசஃபின் போஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கணவரின் நிலக்கரிப் பணத்தில் ஒரு பணக்காரப் பெண் பீங்கானும் பழைய சர்ச் துணிகளும் வாங்கிக் குவித்ததில் என்ன சாதனை? அதிலும் திருப்பலி உடைகளைக் கடைச்சரக்காக்கியது சூறைதானே?

கே.

அன்புள்ள கே.,

பணம் பற்றி நீங்கள் சொல்வது சரி. அவர் கணவர் ஜான் போஸின் செல்வத்தில் பெரும்பங்கு வட இங்கிலாந்தின் டர்ஹாம் சுரங்கங்களில் இருந்து வந்தது. அதற்கு வெள்ளையடிக்க எனக்கு ஆசையில்லை.

ஆனால் 'வாங்கிக் குவித்தார்' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜோசஃபின் பாரிஸில் கடிகாரம் செய்பவரின் மகள், நாடக நடிகை, ஓவியமும் வரைவார். 1852இல் கல்யாணம். கணவர் பரிசாகத் தந்த, பாரிஸுக்கு அருகே லூவ்சியெனில் இருந்த மாளிகையை 1862இல் விற்று, அந்தப் பணத்தை அருங்காட்சியகத்துக்குத் திருப்பினார். 1874இல் ஜோசஃபின் இறக்கும்வரை தம்பதியர் சேர்த்தவை ஏறக்குறைய 15,000 பொருட்கள். வீட்டுக் கூடத்தை அலங்கரிக்க அல்ல, ஊர் வந்து பார்ப்பதற்காக.

சூறை நடந்தது உண்மைதான். ஆனால் யார் செய்தது? பிரெஞ்சுப் புரட்சியில் மடங்கள் மூடப்பட்டன. 1836இல் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்தைப் பறித்தது. அப்போது ஜோசஃபினுக்கு 11 வயது. சர்ச் எம்பிராய்டரிக்கு இதில் தனி ஆபத்து இருந்தது. பொன்முலாம் பூசிய வெள்ளி இழையைப் பட்டு நூலில் சுற்றி, துணிக்குள் குத்தி இழுக்காமல் மேலேயே கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் அங்கங்கே பிடித்துத் தைப்பார்கள். ஜர்தோசி என்ற ஜரிகை எம்பிராய்டரி வேலையை அருகில் பார்த்தவர்களுக்கு இது புரியும். மதிப்பான உலோகம் முழுக்க மேலேதான். துணியை எரித்தால் வெள்ளி கையில் நிற்கும். அப்படி எரிந்தவை ஏராளம். துணியாகவே வைத்துக்கொள்ள விலை கொடுக்க யாராவது இருந்தால்தானே மிச்சமாவது பிழைக்கும்?

ரசனை பற்றிச் சந்தேகமென்றால் ஒரு கொள்முதலைச் சொல்கிறேன். 1869இல் ஸ்பெயினில் வாழ்ந்த பழைய ஓவியர் எல் கிரெக்கோவின் 'புனித பேதுருவின் கண்ணீர்' 8 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. அன்று அந்த ஓவியரைச் சீந்துவாரில்லை. பரிந்துரைத்தது ஒரு வியாபாரிதான், இருக்கட்டும். அப்புறம், அதுவும் பறிக்கப்பட்ட ஸ்பானிய மடங்களின் சொத்தைக் கையாண்ட ஒரு பிரபுவின் சேகரிப்பிலிருந்து வந்ததுதான். உங்கள் கேள்வி இங்கே வலுவாகவே நிற்கிறது.

இன்னொன்று. பணம் வந்த சுரங்க மாவட்டத்துக்கே அருங்காட்சியகத்தைத் திருப்பித் தந்தார்கள் என்று சிலர் உருகுவதுண்டு. முதலில் அவர்கள் யோசித்த இடம் பிரான்சின் காலே. அங்குள்ள அரசியலை நம்ப முடியாமல்தான் டர்ஹாமின் பார்னார்ட் காசில் என்ற ஊருக்கு வந்தார்கள்.