வெளிநாட்டில் வசிக்கும்போது உள்ளூர் முதியவர்களோடு உங்களுக்கு நேர்ந்த வேடிக்கையான அனுபவம் எது?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் எங்களுக்கு இது ஆறாவது வருடம். கேள்வியைப் பார்த்ததும் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருப்பவர்தான் நினைவுக்கு வந்தார். வயது 84. நேரில் 'ஃப்ராவ்' (திருமதி) போட்டுக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்குள் மட்டும் அவர் பாட்டி.

குடிவந்த இரண்டாவது வாரம் எங்கள் கதவின் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கியது. 'கேர்வொஹே' என்று எழுதியிருந்தது. யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் அழைப்பு மணி. வாசலில் பாட்டி. ஒரு கையில் அந்தப் பலகை, இன்னொரு கையில் துடைப்பம்.

கேர்வொஹே என்றால் பெருக்கும் வாரம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது அவர்கள் பொறுப்பு. இது சின்ன முறை. பெரிய முறையில் வாசல் நடைபாதையும் சேரும். இந்த ஷ்வேபியப் பகுதியின் பழைய வழக்கம் இது. அவரவர் குப்பையை வாரந்தோறும் வெளியேற்ற வேண்டும் என்று 1492-லேயே இந்த நகரத்தில் சட்டம் போட்டிருக்கிறார்கள். 1988-ல் மாநகராட்சி கட்டாயத்தை எடுத்துவிட்டது, ஆனால் வாடகை ஒப்பந்தங்களில் இன்னும் இருக்கிறது. கட்டாயம் போய்விட்டதாமே என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். "மாநகராட்சியா வந்து இந்தப் படியில் ஏறி இறங்குகிறது?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் சனிக்கிழமை படியில் தூசியே இல்லை. "சுத்தமாகத்தானே இருக்கிறது?" என்றேன். "இருக்கட்டும். இன்று சனிக்கிழமை."

சரி என்று, ஊரில் வாசல் பெருக்குவது போலக் குனிந்து பெருக்க ஆரம்பித்தேன். பாட்டி பதறிப்போய் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "துடைப்பத்துக்கு நீளம் எதற்கு இருக்கிறது? முதுகு உங்களுக்கு ஒன்றுதானே!" நான் முடிக்கும்வரை கீழே நின்று பார்த்தார். கைப்பிடிச் சுவரில் ஒரு விரலை ஓட்டினார், விரலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. என் கணவரின் அலுவலக நண்பர்தான் விளக்கினார். திட்டவில்லை என்றால் அதுவே போதுமான பாராட்டு என்று இங்கே ஒரு பழமொழியே உண்டாம். பாட்டி எங்களைப் பாராட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்!

மொழியில்தான் இன்னும் வேடிக்கை. நாங்கள் வகுப்பில் படித்த ஜெர்மன் வேறு, பாட்டி பேசும் ஷ்வேபிஷ் வேறு. ஒரு ஜனவரி இரவு கட்டடத்தின் ஹீட்டர் நின்றுவிட்டது. பாட்டி மேலே வந்து, உபரியாக ஒரு 'டெப்பிஷ்' இருந்தால் தர முடியுமா என்று கேட்டார். வகுப்பில் படித்தபடி டெப்பிஷ் என்றால் தரைவிரிப்பு. குளிரில் தரை சில்லிட்டிருக்கும், பாவம் என்று நானும் கணவரும் கூடத்தில் கிடந்த பெரிய விரிப்பைச் சுருட்டி, ஆளுக்கு ஒரு முனை பிடித்து, இரண்டு மாடி இறக்கினோம். கதவைத் திறந்த பாட்டி விரிப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஷ்வேபிஷில் டெப்பிஷ் என்றால் போர்வை! அப்புறம் போர்வை கொண்டுபோய்க் கொடுத்தோம். விரிப்பை மேலே ஏற்றும் முன் எங்களுக்குச் சூடாகத் தேநீர் கிடைத்தது.

அன்று தேநீரோடு இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 'ஃபூஸ்' வலிக்கிறது என்று சொல்லித் தொடையைத் தடவினார். வகுப்பு ஜெர்மனில் ஃபூஸ் என்றால் பாதம் மட்டும்தான். இவர்களுக்கு இடுப்பு வரைக்கும் ஃபூஸ். தமிழிலும் அப்படித்தான், பாதத்திலிருந்து தொடை வரை எல்லாமே எங்களுக்குக் கால்தான் என்றேன். பாட்டிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாளே எதிர்வீட்டுத் தாத்தாவிடம், "இந்தியாவில்கூடச் சரியாகத்தான் பேசுகிறார்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

இத்தனைக்கும் அவர் என்னை 'ஸீ' என்றுதான் அழைத்துவந்தார். நம் நீங்கள் மாதிரி. 'டூ' என்றால் நீ. 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாறலாம் என்பதைப் பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும், இளையவர் தொடங்கினால் மரியாதைக் குறைவு.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, படியைத் துடைத்து முடித்த நேரம், பாட்டி இரண்டு குட்டிக் கிளாஸ்களில் செர்ரிப் பழச் சாராயத்தோடு மேலே ஏறி வந்தார். கால் வலியோடு இரண்டு மாடி. தன் முதல் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினார். நானும் என் பெயரைச் சொன்னேன். மூன்று முறை உச்சரித்துப் பார்த்து, நான் தலையசைத்த பிறகுதான் விட்டார். கிளாஸைத் தட்டிக் குடித்தோம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, சாராயத்தால் மட்டும் இல்லை.

பாட்டி கிளாஸைக் கீழே வைத்தார். என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார். நான்கு வருடத்துக்கு மேல் காத்திருந்த அந்த முதல் 'நீ' வந்தது:

"நீ அந்த மூன்றாம் படியின் மூலையைத் துடைக்கவே இல்லை."