கவிமணி பெயரில் ஒரு பள்ளி

கேள்வி: எங்கள் பள்ளிக்குக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பெயர். ஜூலை 27 வந்தால் படத்துக்கு மாலை, சிறப்பு விருந்தினர் பேச்சு, பேச்சுப்போட்டிப் பரிசு, அதோடு பிறந்தநாள் விழா முடிந்துவிடும். இந்தத் தடவை வேறு மாதிரி செய்ய ஆசை. என்ன செய்யலாம்?
- ஒரு தமிழாசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: மாலை போடுங்கள் டீச்சர், அதில் தப்பே இல்லை. ஆனால் மேடையில் விருந்தினர் பேசும் நேரத்தில் பாதியையாவது பிடுங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கவிஞர் பெயரில் இருக்கும் பள்ளியில் அவருடைய பாட்டுதான் முதலில் கேட்க வேண்டும்.

பெண்கள் படிக்கும் இடமென்றால் 'மங்கையராகப் பிறப்பதற்கே' கட்டாயம் சுவரில் இருக்கும். நல்ல வரிதான். ஆனால் பெண்களுக்காக அவர் உண்மையிலேயே சண்டை போட்ட இடம் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்', அதைத்தான் பிள்ளைகள் கண்ணிலேயே காட்டுவதில்லை. அப்போது நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் சொத்து, பெற்ற பிள்ளைக்குப் போகாது, அக்கா தங்கை மகனுக்குத்தான் போகும். ஒரு காரணவரின், அதாவது குடும்பச் சொத்தை நிர்வகிக்கும் மூத்த ஆணின், ஐந்தாவது மனைவி, புருஷன் வீட்டில் தான் பட்ட பாட்டையெல்லாம் தன் வாயாலேயே சொல்வதுதான் அந்த நூல். இத்தனைக்கும் கவிமணி அதே சமூகத்துக்காரர், சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதியிருப்பார். சொத்து முறையை மாற்றிய நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1926-ல் வந்தது, அதற்குத் தளம் போட்டதில் இந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

'மாமி அரசியற் படலம்', 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று தலைப்பைச் சொன்னாலே பிளஸ் ஒன் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அப்புறம் படிக்கப் படிக்கச் சிரிப்பு தானாக அடங்கும். வீட்டுப் பேச்சு அப்படியே அதில் இருப்பதால் கோனார் உரை எதுவும் வேண்டாம், ஆளுக்கொரு பகுதியாகக் கொடுத்து நடிக்கவே வைக்கலாம். பாட்டிமார் யாராவது வந்து, மருமக்கள் வழியைப் பற்றித் தங்கள் அம்மா, ஆச்சி சொல்லிக் கேட்டதை மேடையில் சொல்ல முடிந்தால் எந்தச் சிறப்பு விருந்தினரும் அதற்கு ஈடாக மாட்டார்.

சின்ன வகுப்புக்கு 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' போதும், ராகம் போட்டுப் பாடட்டும். ஒன்பது, பத்து பிள்ளைகளை, புத்தர் வாழ்க்கையை அவர் பாடிய 'ஆசிய ஜோதி'யில் கொஞ்சம் படிக்க வைக்கலாம். முடிந்தால் ஒரு சனிக்கிழமை தேரூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1876-ல் அவர் பிறந்த ஊர், குளமும் பறவைகளுமாக இன்றைக்கும் பார்க்க நன்றாக இருக்கும். பக்கத்திலேயே சுசீந்திரம். அவர் கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தவர் என்பதைக் கோயில் சுவர்க் கல்வெட்டுகளுக்கு முன்னால் நின்று சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

இன்னொன்று. அவரும் வாத்தியார்தான். 1931-ல் ஓய்வு பெறும்வரை முப்பது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தியவர். குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956-ல், அதைப் பார்க்காமல் 1954-லேயே புத்தேரியில் காலமானார். உங்கள் ஆண்டறிக்கையில் 'மாபெரும் கவிஞர்' என்று ஒற்றை வரி போடுவதற்குப் பதிலாக இதையெல்லாம் எழுதுங்கள்.

சரி, செலவு? அவர் மறைந்து அறுபது ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டது, பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. மான்மியத்தில் வேண்டிய பகுதியைத் தட்டச்சு செய்து, பிள்ளைக்கு ஒன்றாக நகலெடுத்துக் கொடுத்துவிடலாம். ஜூன் கடைசியிலேயே ஆரம்பித்தால்தான் ஒத்திகைக்கு நேரம் கிடைக்கும்.