சுவிட்ச் போனாலும் செஃப் ஓட வேண்டும்: மூன்று சர்வருக்கு எப்படி கேபிள் இழுப்பது?

கேள்வி: சேலம் ஐந்து ரோடு பக்கம் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். ப்ராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) போட்ட மூன்று சர்வர், செஃப் ஸ்டோரேஜ் (ஒரே டேட்டாவை மூன்று சர்வரிலும் பிரதி எடுத்து வைப்பது), எல்லாம் ஒரே 1ஜி சுவிட்சில். போன மாதம் சுவிட்சின் அடாப்டர் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று சர்வரும் தானாகவே ரீபூட் ஆகின. டேட்டா போகவில்லை. இன்னொரு சுவிட்ச் வாங்கி, ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு கேபிளை பாண்ட் செய்தால் (ஒரே இணைப்பாகச் சேர்த்தால்) போதுமா? வேகம் இரட்டிப்பாகுமா? ஒரு சர்வரை ஏற்காட்டுக் கிளைக்கு மாற்றினால் இன்னும் பாதுகாப்பா?

பதில்: முதலில் அந்த ரீபூட்டைப் புரிந்துகொள்ளுங்கள். நெட்வொர்க்கை எப்படிப் பிரிப்பது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. மூன்று சர்வரும் கோரோசிங்க் என்ற மென்பொருள் வழியாக, உயிரோடு இருக்கிறாயா என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். சுவிட்ச் போனதும் ஒவ்வொன்றும் தனியாகிவிட்டது. மூன்றில் இரண்டு என்ற பெரும்பான்மை எதனிடமும் இல்லை. ஹெச்ஏ (ஒரு சர்வர் செத்தால் அதன் விஎம்களை வேறு சர்வரில் எழுப்பும் வசதி) ஓடும் சர்வர் பெரும்பான்மையை இழந்தால், சுமார் 60 வினாடியில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அதை ரீபூட் செய்துவிடும். ஒரே விஎம் இரண்டு இடத்தில் ஓடி டிஸ்க்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. செஃப்பின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர்களுக்கும் பெரும்பான்மை இல்லாததால் எழுதுவது அப்படியே நின்றிருக்கும். உங்கள் டேட்டா பிழைத்தது இந்தக் கண்டிப்பால்தான்.

சுவிட்ச் நன்றாக இருக்கும்போதும் இதே ரீபூட் வரலாம். 1ஜி லைனில் நொடிக்கு சுமார் 110 எம்பிதான் போகும். ஒரு சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பி தள்ளும். டிஸ்க் மாற்றிய பிறகு செஃப் ரெக்கவரி (பிரதிகளை மறுபடி எழுதுவது) தொடங்கினால் லைன் நிரம்பிவிடும், கோரோசிங்க் பாக்கெட்டுகள் தாமதமாகும், சர்வர்கள் ஒன்றையொன்று செத்துவிட்டதாக நினைக்கும். அதனால் இரண்டாவது கேபிள் இழுப்பதற்கு முன்பே கோரோசிங்கையும் ஸ்டோரேஜையும் பிரித்துவிட வேண்டும்.

இப்போது பாண்ட். வேகத்துக்கும் சேர்த்து எல்லாரும் எல்ஏசிபி (இரண்டு கேபிளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை) போடச் சொல்வார்கள். அது இரண்டு சாதாரண சுவிட்சுகளுக்கு நடுவே வேலை செய்யாது. இரண்டும் ஒரே சுவிட்ச் போல நடிக்கத் தெரிந்த எம்லேக் அல்லது ஸ்டாக்கிங் வசதி வேண்டும். அப்போதும் ஒரு தனி இணைப்பு ஒரு கேபிளில்தான் போகும். எடிட்டர் ஒருவர் ஒரு பெரிய ஃபைலை இழுத்தால் வேகம் கூடாது. பலர் சேர்ந்து இழுக்கும்போதுதான் பலன் தெரியும். உங்களுக்கு ஆக்டிவ்-பேக்கப் போதும். ஒரு கேபிள் வேலை செய்யும், இன்னொன்று காத்திருக்கும், எந்த மலிவு சுவிட்சும் சரிதான். இரண்டு சுவிட்சையும் ஒரே ஒரு கேபிளால் இணையுங்கள். எஸ்டிபி (லூப்பைத் தடுக்கும் வசதி) இல்லாத சுவிட்சில் இரண்டாவது கேபிளைச் சொருகினால் லூப் உண்டாகி ஆபீஸ் முழுக்க நின்றுவிடும்.

பாண்டில் எம்ஐஐ கண்காணிப்பு மட்டும் வைத்தால் அது லைட் எரிகிறதா என்றுதான் பார்க்கும். லைட் எரிந்துகொண்டே சுவிட்ச் உள்ளுக்குள் உறைந்துபோவதும் உண்டு. ஏஆர்பி கண்காணிப்பு (இன்னொரு ஐபி பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது) போட்டு, எப்போதும் ஆனில் இருக்கும் ஒன்றிரண்டு ஐபிகளைக் கொடுங்கள்.

ஸ்டோரேஜுக்கு நான் சுவிட்சே வேண்டாம் என்பேன். மூன்று சர்வர்தானே? ஒவ்வொன்றிலும் இரண்டு போர்ட் உள்ள 10ஜி கார்டு ஒன்று, மூன்று டேக் கேபிள் (இரு முனையிலும் பிளக் பொருத்தியே வரும் கேபிள்). ஒவ்வொரு சர்வரும் மற்ற இரண்டோடும் நேரடியாகப் பேசும். ஒரு கேபிள் அறுந்தால் மூன்றாவது சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். இந்த வழிமாற்றத்தை எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருளின் ஓப்பன்ஃபேப்ரிக் பார்த்துக்கொள்ளும். ப்ராக்ஸ்மாக்ஸ் 9-இல் அதைத் திரையிலேயே அமைக்கலாம். செஃப்பின் பப்ளிக் நெட்வொர்க் (விஎம்கள் டிஸ்க்கைத் தொடும் வழி), கிளஸ்டர் நெட்வொர்க் (பிரதிகள் போகும் வழி) இரண்டையும் இதன் மேலேயே வையுங்கள். உங்கள் எடிட்டர்கள் சாம்பா (ஃபைல் பகிரும் மென்பொருள்) ஓடும் விஎம் வழியாகத்தான் ஃபைலைத் தொடுகிறார்கள் என்றால் இதில் சிக்கல் இல்லை. நான்கு சர்வருக்கு ஆறு கேபிள், ஆளுக்கு மூன்று போர்ட் என்று ஆகிவிடும். அதற்கு மேல் போனால் சுவிட்ச் வாங்குவதே மேல்.

கோரோசிங்குக்கு பாண்ட் தேவையில்லை, அது எட்டு லிங்க் வரை தானே கையாளும். தனி 1ஜி கார்டும் ஒரு குட்டி சுவிட்சும் முதல் லிங்க், ஆபீஸ் பாண்ட் இரண்டாவது, 10ஜி மூன்றாவது.

ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு சர்வரின் 10ஜி கார்டே போனால் அதன் விஎம்களுக்கு டிஸ்க் கிடைக்காது, உறைந்து நிற்கும். ஆனால் 1ஜியில் கோரோசிங்க் உயிரோடு இருப்பதால் ஹெச்ஏ அந்த சர்வர் நலமாக இருப்பதாகவே நினைக்கும், விஎம்களை நகர்த்தாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அந்த சர்வரை அணையுங்கள். சில நிமிடத்தில் ஹெச்ஏவில் சேர்த்த விஎம்கள் மற்ற இரண்டில் எழும்பும். செஃப் ஹெல்த் மாறினால் போனுக்குத் தகவல் வரும்படி வைத்தால்தான் இது உடனே தெரியும். ஸ்லாட் இருந்தால் ஒற்றைப் போர்ட் கார்டாக இரண்டு போடுவது இன்னும் நல்லது.

உங்களிடம் எரிந்தது அடாப்டர்தான் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு சுவிட்சையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் செலவு வீண். வேறு வேறு யுபிஎஸ்ஸில் போடுங்கள். பக்கத்துக் கட்டடத்துக்கு லைன் போகிறதென்றால் காப்பர் வேண்டாம், ஃபைபர் இழுங்கள். கோடை மழையில் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வரும் இடி மின்னல் அந்த காப்பர் வழியாகவே உள்ளே வரும்.

ஏற்காட்டுக்கு செஃப் சர்வர் வேண்டவே வேண்டாம். பிரதிகள் எல்லாம் எழுதி முடிந்த பிறகுதான் செஃப் சரி என்று சொல்லும். பிராட்பேண்ட் தாமதம் ஒவ்வொரு முறை எழுதும்போதும் சேர்ந்துகொள்ளும். அங்கே ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் வையுங்கள். மாறிய பகுதி மட்டும் இரவில் போய்ச் சேரும். ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் மூன்று பிரதியிலும் அது அழியும். அந்த நாளில் கைகொடுப்பது மலை மேல் இருக்கும் பேக்கப்தான்.

வேலையை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்தம் இருக்காது. முதலில் செஃப்பில் நோஅவுட் போடுங்கள், ஒரு டிஸ்க் கொஞ்ச நேரம் காணாமல் போனாலும் அது பிரதிகளை மறுபடி எழுதத் தொடங்காது. எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 வைத்தால் எல்லா சர்வருக்கும் இடையே 8972 பைட் பிங்கை, துண்டாக்காமல் போகச் சொல்லி அனுப்பிப் பாருங்கள். ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் சின்ன பிங் போகும், பெரிதாக எழுதுவது தொங்கும். அப்புறம் ஒரு பெரிய ஃபைல் காப்பி ஓடும்போதே ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள், பிறகு ஒவ்வொரு சுவிட்சின் பவரையும். காப்பி சில வினாடி தயங்கித் தொடர்ந்தால் சரி. செஃப்பில் ஓஎஸ்டி (டிஸ்க்கைக் கவனிக்கும் செஃப் புரோகிராம்) டவுன் என்று வந்தால் வழிமாற்றம் 20 வினாடிக்குள் நடக்கவில்லை என்று பொருள். எஃப்ஆர்ஆர் அமைப்பை மறுபடி பாருங்கள். எல்லாம் முடிந்ததும் நோஅவுட்டை எடுத்துவிடுங்கள்.