செலான் எழுதுகிற வேலைதானே என்று பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள்

வணக்கம் அம்மா.

நேற்று போனில் நீங்கள் பாதி சொல்லும்போதே பஸ் வந்துவிட்டது. மீதியை நானே புரிந்துகொண்டேன். பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்த உங்கள் பிள்ளை, கல்லூரியில் கேட்கிற முப்பது நாள் இன்டர்ன்ஷிப்புக்காக மன்னார்குடியில் ஒரு வங்கிக் கிளைக்குப் போகிறாள். பத்து நாள் ஆகிவிட்டது. வருகிறவர்களுக்குச் செலான் எழுதிக் கொடுக்கிறாள், பாஸ்புக்கில் பதிவு போட்டுத் தருகிறாள், ஜெராக்ஸ் எடுக்கிறாள். ஊக்கத்தொகையும் கிடையாது. "இதுக்குப் பதிலா தஞ்சாவூர்ல கோச்சிங் சேத்துவிட்டா என்ன சார்?" என்று கேட்டீர்கள்.

கோச்சிங் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீதி இருபது நாளை அவள் முடிக்கட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சான்றிதழைக் காட்டி அரசு வங்கியில் வேலை வாங்க முடியாது. அங்கே கிளார்க் ஆவதற்கு, அரசு வங்கிகளுக்குப் பொதுவாக நடக்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். ஸ்டேட் வங்கி தனியாகத் தேர்வு வைக்கிறது. இன்டர்ன்ஷிப் போனதற்கென்று அதில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. பட்டம் முடித்திருக்க வேண்டும், வயது 20 முதல் 28-க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டும் தளர்வு உண்டு. உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. கோச்சிங் ஒரு மாதம் தள்ளிப் போவதால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் ஒரு கிளைக்குள் உட்கார்ந்து, இந்த வேலையில் முப்பது வருடம் இருக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு, வேலைக்குச் சேரும் முன் வேறு எப்போதும் அவளுக்குக் கிடைக்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பாபநாசம் பக்கத்திலிருந்து, இப்படி ஒரு வங்கிக் கிளைக்கு இன்டர்ன்ஷிப் போன மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். அவனுக்கும் இதே புலம்பல்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு, தினமும் கிளையில் உனக்குப் புரியாத ஒரு விஷயத்தை எழுது, மாலை மூன்று மணிக்கு மேல் யாரிடமாவது கேள் என்று சொல்லி அனுப்பினேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

மே மாதக் கடைசி. ஒரு வயதான அம்மா பாஸ்புக்கோடு வந்து, "என் கணக்குலேர்ந்து இருபது ரூபா யாரு எடுத்தா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். இவனுக்கும் தெரியவில்லை. மதியம் உதவி மேலாளரிடம் கேட்டிருக்கிறான். அது பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தின் வருடப் பிரீமியம். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை காப்பீடு, அதனால் மே கடைசியில் பிடிக்கிறார்கள். 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஆயுள் காப்பீடு. மறுநாளிலிருந்து இந்தக் கேள்வியோடு வந்த எல்லோருக்கும் அவனே பதில் சொன்னான். விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு காப்பீடு இருந்ததே தெரியாமல் இருந்ததையும் அந்த வாரமே பார்த்தான். அன்றைக்கு அவன் நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருந்தான்.

அப்புறம் குறுவை நேரம் வந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பு என்றால் அதற்கு முன்பே நம் பக்கம் உழவு, விதை, நாற்றங்கால் என்று கையில் காசு வேண்டும். காலையிலேயே நகைக்கடன் மேசையில் கூட்டம். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதை இவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அவனுடைய கேள்வி இதுதான்: கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான். கூட்டுறவுச் சங்கத்தில் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. இருந்தும் ஏன் தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு வருகிறார்கள்?

பதில் தேட அவனுக்கு ஒரு வாரம் ஆனது. பயிர்க்கடனுக்கு, நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா வேண்டும், அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வேண்டும். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவரிடம் அவர் பெயரில் ஒரு காகிதமும் இருக்காது. நகைக்கு நிலக் காகிதம் எதுவும் தேவையில்லை. எனக்கு இதைச் சொல்லும்போது அவன் குரலே மாறியிருந்தது. அவனுடைய அப்பாவும் குத்தகைக்காரர்தான். வீட்டு நகை ஏன் வருடா வருடம் போய்ப் போய் வந்தது என்பது அவனுக்கு அந்த மேசையில்தான் புரிந்தது.

தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் அது வாராக்கடன் என்று பாடப்புத்தகத்தில் அவன் படித்திருந்தான். குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு இரண்டு சாகுபடிப் பருவம் வரை தவணை தவறிய பிறகுதான் அப்படி வகைப்படுத்துவார்கள் என்பதைக் கிளையில்தான் தெரிந்துகொண்டான்.

அவன் கடைசியில் வங்கித் தேர்வுக்குப் போகவில்லை. பட்டம் முடித்துவிட்டுக் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயம் படித்தான். கூட்டுறவுச் சங்க, மத்தியக் கூட்டுறவு வங்கி வேலைகளுக்கு அந்தப் பயிற்சி தேவை. அதே கோடையில் வேறொரு கிளைக்குப் போன மாணவி, நாள் முழுக்க கவுண்டரில் இருப்பது தன்னால் ஆகாது என்று தெரிந்துகொண்டு கணக்குத் தணிக்கைப் பக்கம் போய்விட்டாள். இரண்டு பேருக்குமே அந்த ஒரு மாதம் வீண் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, உங்கள் பிள்ளை இப்போது என்ன செய்யலாம்? மேலாளரிடம் ஒரு சின்னக் கடிதம் கொடுக்கட்டும். வைப்புத்தொகைப் பிரிவில் நான்கு நாள், நகைக்கடனில் நான்கு நாள், விவசாயக் கடனில் ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று. வாயால் கேட்டால் வேலை நெரிசலில் மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் செய்கிறார்கள். திங்கட்கிழமையும், ஓய்வூதியம் போடும் நாளும், மதியம் ஒரு மணிக்கு முன்பும் கடிதத்தோடு போய் நிற்க வேண்டாம்.

செலான் எழுதுவதையும் அவள் விட வேண்டாம். எழுதத் தெரியாதவர் தன் கணக்கு விவரத்தை நம்பிச் சொல்லும்போது எப்படி நடந்துகொள்வது என்பதை எந்தக் கோச்சிங் சென்டரிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்லுங்கள். கிளை ஊழியர் யாராவது அவசரத்துக்குத் தங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்து "இதை மட்டும் ஏத்திடு பாப்பா" என்றால், மரியாதையாக மறுத்துவிட வேண்டும். என்னிடம் வந்த ஒரு மாணவி இப்படி உதவப் போய், ஒரு தப்பான பதிவுக்கு இரண்டு நாள் அழுதுகொண்டு பதில் சொன்னாள். பணத்தை எண்ணித் தரச் சொன்னாலும் வேண்டாம். வாடிக்கையாளரின் ஆதாரையோ கணக்கையோ செல்போனில் படம் எடுக்கக் கூடாது. கல்லூரிக்குக் கொடுக்கும் அறிக்கையில் ஒருவர் பெயரும் வரக் கூடாது. இன்சூரன்சுக்கு ஆள் பிடிக்க வெளியே அனுப்பினால், அன்றைக்கே துறைத் தலைவரிடம் சொல்லட்டும். எனக்கும் ஒரு போன் போடட்டும், நான் பேசுகிறேன்.

இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன், பின்னாடி வேலையும் உறுதி என்று பணம் கேட்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தூர ஊருக்குப் போட்டுவிடுவார்களோ என்று அவள் அப்பா பயப்படுவதாகச் சொன்னீர்கள். அதிகாரி பதவிக்குப் போனால் இந்தியாவில் எங்கும் போடலாம். கிளார்க் தேர்வு மாநில வாரியானது. அதில் உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதால் தமிழ் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும். தனியார் வங்கிகள் தாங்களே ஆள் எடுக்கின்றன. கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்கு இன்றும் தலைமை அலுவலகம் அங்கேதான், கரூர் வைசியா வங்கிக்குக் கரூரில். முதுகலை சேர்ந்தால் ரிசர்வ் வங்கியின் கோடைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்று மாலை அவள் வந்ததும் "இன்னிக்கி என்ன வேலை குடுத்தாங்க?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கி யாரு வந்தாங்க, என்ன கேட்டாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் ஞாயிறு நான் மன்னார்குடி வருகிறேன். அதற்குள் ஒரு நோட்டு வாங்கி, ஐந்து நாளாவது எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டு, கோச்சிங் எப்போது, எங்கே என்று நான்கு பேருமாக முடிவு செய்வோம்.