ஒற்றைக்காலில் நின்றால் தள்ளாட்டம்: பேண்ட் போதுமா, பேக்கேஜ் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 59 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு வருடமாகச் சுவரைப் பிடிக்காமல் செருப்பு மாட்ட முடியவில்லை. டவுன் பஸ் படியில் ஏறும்போது இடுப்பு ஒரு பக்கமாக இறங்குகிறது என்று மகள் சொல்கிறாள். அரை மணி நேரம் நின்று சமைத்தால் முதுகு சோர்ந்துவிடுகிறது. பக்கத்து ஃபிட்னஸ் சென்டரில் ‘கோர் வீக்’ என்று சொல்லி, மூன்று மாத பேக்கேஜுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். ஐந்து கலர் ரப்பர் பேண்டும் ஒரு இடுப்பு பெல்ட்டும் அதோடு தருவார்களாம். பேண்ட் வாங்கி வீட்டிலேயே செய்தால் ஆகாதா? எந்தக் கலர் வாங்குவது? சர்க்கரைக்குப் பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: வீட்டிலேயே செய்யலாம். 18,000 ரூபாய் தேவையில்லை, பெல்ட் அறவே தேவையில்லை. ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சர்க்கரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, சென்டரில் பணம் கேட்டவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தாரா? விசாரித்திருக்க மாட்டார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மகள் கவனித்ததைப் பார்ப்போம். எழுந்து நின்று, வலது கையை வலது இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் வையுங்கள். இப்போது இடது காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்குங்கள். கைக்கு அடியில் ஒரு தசை இறுகுவது தெரியும். அதன் பெயர் குளூட்டியஸ் மீடியஸ். ஒரு காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு தொங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அது தளர்ந்தால், தூக்கிய கால் பக்கமாக இடுப்பு இறங்கும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895-இல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அந்தச் சோதனையைச் செய்கிறோம். மெஷின் எதுவும் வேண்டாம், நோயாளியை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் போதும். உங்கள் மகள் பஸ் ஸ்டாப்பில் செய்ததும் அதுதான்.

முதுகுச் சோர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இடுப்பு சரியாகப் பிடிக்காவிட்டால் அந்த வேலையைக் கீழ் முதுகு செய்ய வேண்டியிருக்கிறது. ‘கோர்’ என்று சொல்லி மிரட்டுகிறார்களே, அது வயிற்றையும் முதுகையும் சுற்றியிருக்கும் தசைகள்தான். அவை நெடுநேரம் குறைந்த விசையில் தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் படுத்து எழும் ‘சிட்-அப்’ நூறு போட வேண்டியதில்லை. முதுகெலும்பு ஆய்வில் பேர்போன கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் நீண்ட நேரம் பல்லைக் கடித்துப் பிடிப்பதைவிட, பத்து வினாடிக்குள் முடியும் பிடிப்புகளைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார். உங்கள் வயதுக்கு அது ஒத்துவரும்.

இனி கலர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கலருக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. தெராபேண்ட் நிறுவனத்தின் வரிசையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று இறுக்கம் கூடிக்கொண்டே போகும். அதன் மஞ்சள் பேண்டை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் சுமார் 1.3 கிலோ விசை, பச்சைக்குச் சுமார் 2.1 கிலோ. இன்னொரு கம்பெனியின் லூப் பேண்டில் பச்சைதான் இருப்பதிலேயே லேசாக இருக்கும். அதனால் “டாக்டர் பச்சை வாங்கச் சொன்னார்” என்று கடையில் போய் நிற்காதீர்கள். கையில் வாங்கி இழுத்துப் பாருங்கள். பன்னிரண்டு முறை செய்யும்போது கடைசி இரண்டு மூன்று முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் உடம்பு கோணக் கூடாது. அதுதான் உங்கள் கலர். ஐந்து கலர் செட்டில் மூன்று, பீரோவுக்குள்தான் போகும். சர்ஜிக்கல் கடையில் ரோலிலிருந்து வெட்டித் தரும் ஒன்றரை மீட்டர் பேண்ட் ஒன்றே போதும், இரண்டு தொடையையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். ரப்பர் கையுறை பட்டால் அரிப்பெடுக்கும் என்றால் லேடெக்ஸ் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

பேண்டை முழங்காலுக்குச் சற்று மேலே, நைட்டி அல்லது சுடிதார் பேன்ட் மீதே போடுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பேண்டை லேசாக வெளியே தள்ளியபடி இடுப்பைத் தூக்குங்கள். ஐந்து வினாடி நிறுத்தி இறக்குங்கள், பத்து முறை. அடுத்து ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் மடங்கியிருக்க, குதிகால்கள் ஒட்டியபடியே மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுங்கள். இடுப்பு பின்னால் உருண்டால் அந்தப் பயிற்சி வீண். கொஞ்சமாகத் திறந்தாலும் பரவாயில்லை, உருளக் கூடாது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு காலை நேராகப் பக்கவாட்டில் ஒரு சாண் தூரம் நகர்த்தி, மெதுவாகத் திரும்பக் கொண்டுவருவது. காலை வெளியே நகர்த்த இரண்டு எண்ணிக்கை, உள்ளே கொண்டுவர நான்கு. பாதம் முன்னோக்கியே இருக்க வேண்டும். வெளியே திரும்பினால் தொடையின் முன்பக்கத் தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். இதில் தூக்குகிற காலைவிட நிற்கிற காலுக்குத்தான் லாபம் அதிகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்புறம், நாற்காலியில் உட்கார்ந்து பேண்டோடு எழுந்து உட்காருவது. எழும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயக் கூடாது.

மூச்சை அடக்காதீர்கள், சத்தமாக எண்ணினாலே மூச்சு விடுவீர்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்க வேண்டாம். தசைக்கும் ஓய்வு வேண்டும். பேண்டோடு பக்கவாட்டில் நடக்கும் பயிற்சி யூடியூபில் பிரபலம். அதை முதல் ஆறு வாரத்துக்குத் தொடாதீர்கள், தடுக்கி விழுவீர்கள்.

ஆனால் பேண்ட் தசைக்குப் பலம் தரும், நிற்கக் கற்றுத் தராது. நிற்கிற பழக்கம் நின்றால்தான் வரும். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா? மேடைக்கு முன்னால், பின்னால் ஒரு நாற்காலி இருக்க, இரண்டு விரலை மேடையில் வைத்து ஒற்றைக்காலில் பத்து வினாடி நில்லுங்கள். சில வாரம் கழித்து ஒரு விரல், அப்புறம் விரலை எடுத்துவிடலாம். இதைத் தினமும் பல் தேய்க்கும் நேரத்தில் செய்யலாம், ஈரத் தரையில் மட்டும் வேண்டாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் முதியோருக்காக வகுத்த வீட்டுப் பயிற்சித் திட்டமும் இப்படிப்பட்டதுதான்: கணுக்காலில் எடை கட்டிக் கால் தசைகளுக்கு வேலை, கூடவே நிற்கும், நடக்கும் பயிற்சிகள். கீழே விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக அதன் ஆய்வுகள் சொல்கின்றன. அதில் பெல்ட்டும் இல்லை, பேக்கேஜும் இல்லை.

சரி, சர்க்கரைக்கு வருவோம். தள்ளாட்டம் வந்தால் எல்லோரும் இடுப்பையும் முழங்காலையும் பார்க்கிறார்கள், பாதத்தைப் பார்ப்பதில்லை. பத்து வருடச் சர்க்கரையில் பாத நரம்பு மரத்துப்போயிருக்கலாம். தரை எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி போகாவிட்டால், எவ்வளவு பலமான இடுப்பு இருந்தும் தள்ளாடும். உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாட்டம் கூடுகிறதா? கரன்ட் போன இருட்டில் நடக்கத் தடுமாறுகிறதா? செருப்பு தானாகக் கழன்றது தெரியாமல் நடந்திருக்கிறீர்களா?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மகள் தன் விரல் நுனியால் உங்கள் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஓரிரு வினாடி, மெதுவாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வரிசை மாற்றித் தொட வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பாத உணர்வு குறைந்திருக்கிறது. அப்படியானால் பேண்டைக் கணுக்காலிலோ பாதத்திலோ ஒருபோதும் மாட்டாதீர்கள். ரப்பர் உரசிப் புண்ணாவது உங்களுக்குத் தெரியாது, அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். தொடையில் மட்டும் போடுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்போடு செய்யுங்கள், கண்ணை மூடிச் செய்யும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள், இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் விரல் சோதனையின் முடிவைச் சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடுவது மெட்ஃபார்மின் என்றால், வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் மெட்ஃபார்மினால் பி12 குறையலாம், அது குறைந்தாலும் பாதம் மரக்கும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. இது தெரியாமல் மூன்று மாதம் பேண்ட் இழுத்துவிட்டு, பேண்டில் பலனில்லை என்பவர்கள் அநேகம்.

ஒரு பாதத்தைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. சீட்டில் ‘பிசியோ – 10 நாள்’ என்று எழுதிவிடுகிறார்கள். என்ன செய்ய வேண்டும், எதற்கு என்று ஒரு வரி இருக்காது. நோயாளி போனால் கரன்ட் வைப்பார்கள், லைட் வைப்பார்கள். வலி கொஞ்ச நேரம் அடங்கும். தசைக்கு ஒரு கிராம் பலமும் அதனால் வராது. உங்களுக்கு வலியே பிரச்சினை இல்லை, ஆனாலும் பத்து நாள் கரன்ட் வைத்துத்தான் அனுப்புவார்கள். சில இடங்களில் அனுப்பி வைத்தவருக்கும் பங்கு போகிறது. வீட்டுக்கே பிசியோ அனுப்பும் ஏஜென்சிகள் நீங்கள் தரும் தொகையில் பாதி அளவுக்கு எடுத்துக்கொண்டால், வந்தவர் எத்தனை நிமிடம் நிற்பார்?

யார் பிசியோ என்பதும் ஒரு கேள்வி. நாலு வருடத்துக்கு மேல் படித்து வாங்குவது பி.பி.டி. பட்டம். சில நாள் பயிற்சியில் சர்டிபிகேட் வாங்கியவரும் சுவரில் அதை மாட்டி ‘தெரபிஸ்ட்’ என்கிறார். இதை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2021-இல் சட்டம் நிறைவேற்றியது. சட்டம் அரசிதழில் இருக்கிறது, போர்டு தெருவில் தொங்குகிறது. அதனால் பணம் கட்டும் முன் நீங்களே கேளுங்கள்: என்ன படிப்பு, எந்தக் கல்லூரி? இன்று ஒரு முறைக்கு மட்டும் கட்டினால் ஆகாதா? மொத்தமாகக் கட்டினால்தான் என்பவரிடம் கட்டாதீர்கள். இலவசமாகப் படுக்க வைக்கும் சூடான மசாஜ் கட்டில், ‘அதிர்வு’ மெஷின், வியர்க்க வைக்கும் பெல்ட் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டினால் உங்கள் தசை செய்ய வேண்டிய வேலையை அது செய்யும்.

எட்டு வாரம் பொறுங்கள். நாலாவது வாரமே படி ஏறுவது இலகுவாகலாம், ஒற்றைக்காலில் நிற்பது கொஞ்சம் தாமதிக்கும். இடையில் தொடை இடுக்கில் வலி வந்தாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ, நடக்கும்போது தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பேண்டை மாடியில் வெயிலில் காயப்போடாதீர்கள். இழுத்துப் பார்த்துக் கீறல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

ஒருமுறை யாராவது நேரில் பார்த்துச் சொன்னால் நல்லதுதான். திருச்சி அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குக் காலையிலேயே போங்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். நீங்கள் பஸ் ஏறுகிறவர், அதனால் நேரில் போவதே சரி. மகளையும் கூட்டிப்போங்கள், பின்னாலிருந்து இடுப்பைப் பார்க்க அவருக்கும் சொல்லித் தரச் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருந்தால் நிற்காதீர்கள், நாற்காலி கேளுங்கள்.