சி.டி. எடுத்த பிறகு பெட்-சி.டி. எதற்கு?

"பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் மாமாவுக்குப் போன வாரம்தான் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். இப்போது புற்றுநோய்க்காக பெட்-சி.டி. ஸ்கேன் கேட்கிறார்கள், அதே செலவு இன்னொரு தடவையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதே படம் இல்லை. இருட்டிய பிறகு காசிமேட்டில் நின்று கடலைப் பாருங்கள். விளக்குகள் தெரியும், அவை துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, பிடிபடாது. பகலில் சுவர், படகு எல்லாம் தெளிவு. எதில் இன்ஜின் ஓடுகிறது என்பது தெரியாது. பெட் அந்த இரவுக் காட்சி, எந்தச் செல்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று காட்டும்; சி.டி. பகல் காட்சி, உறுப்புகளின் வடிவத்தையும் இடத்தையும் காட்டும். பெட்-சி.டி. என்றால் இரண்டும் சேர்ந்தது.

பெட்டுக்கு, கதிர்வீச்சு தரும் ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஊசியில் போட்டு, சுமார் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். பல புற்றுநோய்ச் செல்கள் அதை அள்ளி விழுங்கும். அந்த இடம் படத்தில் ஒளிரும். சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சியிருப்பது வெறும் தழும்பா, உயிருள்ள கட்டியா என்று சி.டி. மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

முன்பு இரண்டையும் தனித்தனி இயந்திரத்தில் எடுத்துப் பொருத்திப் பார்த்தார்கள். ஆள் கொஞ்சம் மாறிப் படுத்தாலே படம் பொருந்தாது. 1998-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் முதல் கூட்டு இயந்திரம் வந்தபின் ஒரே படுக்கையில் வேலை முடிகிறது. தவிர, உடலுக்குள்ளேயே தேய்ந்துபோகும் பெட் கதிர்களுக்குக் கணக்குச் சரிசெய்யவும் அந்த சி.டி. உதவுகிறது.

ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். மூளையும் சிறுநீர்ப்பையும் எல்லோருக்கும் ஒளிரும்; காசநோய்கூட ஒளிரும். மாமாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், பழைய சி.டி. படத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.