தொட்டபெட்டாவுக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்க கோவை சிங்காநல்லூர்ல இருக்கோம். நான், வீட்டுக்காரர், 72 வயசு மாமியார், 9 வயசு பையன், 4 வயசு பொண்ணு. ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல சொந்தக் கார்ல கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு வந்துடணும். தொட்டபெட்டா, பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், பைக்காரா, வரும்போது குன்னூர் சிம்ஸ் பார்க், இத்தனையும் பாத்துடலாம்னு அவர் சொல்றார். மாமியாருக்கு தொட்டபெட்டா உச்சியில நின்னு பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எப்படி பிளான் பண்ணலாம்?

பதில்: உங்க மாமியாரோட ஆசையை வச்சே பிளான் பண்ணுங்கம்மா, மத்த எல்லாம் அதுக்கு அப்புறம்தான். நிறைய பேர் ஊட்டிக்குள்ள போயி கார்டன், போட்டிங் எல்லாம் முடிச்சுட்டு மத்தியானம் 3 மணிக்கு மேல தொட்டபெட்டா ஏறுவாங்க, அங்க போனா முன்னாடி நிக்கிற ஆளே தெரியாத அளவுக்கு மேகம், பத்து நிமிஷம் நடுங்கிட்டு நின்னுட்டு ரெண்டு போட்டோ எடுத்துட்டு இறங்கிடுவாங்க, ஒரு வருஷமா ஆசைப்பட்டது அவ்ளோதான்னு முடிஞ்சு போயிடும். காலைல வெயில் ஏற ஏற பள்ளத்தாக்குல இருக்கிற ஈரக்காத்து சூடாகி சரிவு வழியா மேல வரும், மேல வந்ததும் குளிர்ந்து மேகமாயிடும், அதனாலதான் 11 மணிக்கு மேல உச்சியை மூடிக்கிறது. மழை மாசம் தவிர மத்த நாள்ல காலை 10 மணிக்குள்ள போனா பாக்குறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. அதனால முதல் இடம் தொட்டபெட்டா. இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

வழி எப்படின்னா, மேட்டுப்பாளையம் தாண்டுனதும் ரோடு ரெண்டா பிரியும், ஒண்ணு குன்னூர் வழி, இன்னொண்ணு கோத்தகிரி வழி. தொட்டபெட்டாவுக்கு ஏறுற ஜங்ஷன் இருக்கிறது ஊட்டி - கோத்தகிரி ரோட்டுலதான், ஊட்டிக்கு ஆறேழு கிலோமீட்டர் முன்னாடியே வந்துடும். அதனால கோத்தகிரி வழியா ஏறுனீங்கன்னா ஊட்டி டவுனுக்குள்ள மாட்டாமலே நேரா உச்சிக்கு போயிடலாம். வீட்டுல 5 மணிக்கு கிளம்புனா நடுவுல ஒரு டீ குடிச்சுட்டு எட்டரை, ஒம்பது மணிக்கு மேல இருப்பீங்க. ஏப்ரல், மே சீசன்ல மட்டும் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்குவாங்க, ஏறுறது குன்னூர் வழி, இறங்குறது கோத்தகிரி வழின்னு, அப்ப குன்னூர் வழியா ஊட்டி போயி அங்கேர்ந்து தொட்டபெட்டா வரணும், இன்னும் அரை மணி நேரமாவது சீக்கிரம் கிளம்பிக்கோங்க.

பைக்காராவை இந்த தடவை விட்டுடுங்க. அது ஊட்டிக்கு அந்தப் பக்கம் கூடலூர் ரோட்டுல 20 கிலோமீட்டர், போயிட்டு வரவே மத்தியானம் முழுக்க ஓடிப் போயிடும். சிம்ஸ் பார்க்கும் வேணாம், நீங்க இறங்குறது கோத்தகிரி பக்கம். உச்சியில ஒன்றரை மணி நேரம் நிதானமா உக்காந்துட்டு, ஊட்டிக்கு இறங்கி சாப்பிட்டு, பொட்டானிக்கல் கார்டன் மட்டும் பாருங்க. 1848-ல போட்ட தோட்டம், 55 ஏக்கர், மேல போகப் போக ஏத்தம், அதனால அம்மாவை கீழ் புல்வெளிப் பக்கமே ஒரு பெஞ்சுல உக்கார வச்சு யாராவது ஒருத்தர் கூட இருங்க. 3 மணிக்கு ஊட்டியை விட்டுக் கிளம்பிடுங்க. நேரம் இருந்தா கோத்தகிரி பக்கத்துல கன்னேரிமுக்குல ஜான் சல்லிவன் பங்களா இருக்கு, 200 வருஷப் பழைய வீடு, இப்ப மியூசியம், சின்ன இடம்தான், கூட்டமும் அவ்வளவா இருக்காது, பையனுக்கு ஊட்டி எப்படி உருவாச்சுன்னு சொல்லிக் காட்டலாம். இருட்டுறதுக்குள்ள மேட்டுப்பாளையத்துல இருக்கணும், சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ராத்திரி பனிமூட்டத்துல மலை இறங்குறது வேணவே வேணாம்.

கேள்வி: தொட்டபெட்டா மேல அப்படி என்னதான் இருக்கு? ஒரு டெலஸ்கோப்பும் நாலு கடையும்தான்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்க. பிள்ளைங்களுக்கு போரடிக்காதா? (திருப்பூர் வாசகர்)

பதில்: போரடிக்காது, பெரியவங்க கூட இருந்து காட்டுனா. 2,637 மீட்டர், நீலகிரியிலயே உயரமான சிகரம். டெலஸ்கோப் வீடு இருக்கிறது உண்மை, அதுல ஆளுக்கு அரை நிமிஷம்தான் கிடைக்கும், அதுக்கு முன்னாடி வெறும் கண்ணாலயே சுத்திப் பாருங்க. ஒரு பக்கம் ஊட்டி டவுன் முழுசும் கீழ கிடக்கும், தெக்கால கேத்தி பள்ளத்தாக்கு, அதுல படிக்கட்டு படிக்கட்டா கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட தோட்டம், தெளிவான நாள்ல கீழ சமவெளி வரைக்கும் தெரியும், வடக்கால மைசூர் பக்கம். பையன்கிட்ட முன்னாடியே ஒரு பேப்பர்ல திசை போட்டுக் கொடுத்து எங்க என்ன தெரியுதுன்னு எழுதச் சொல்லுங்க, நேரம் போறதே தெரியாது.

அப்புறம் அங்க இருக்கிற சோலைக்காட்டை யாருமே பாக்கிறதில்ல, எனக்கு அதுதான் மனசு கஷ்டமா இருக்கும். ஏறுற ரோட்டோரமே மரங்களைக் கவனிங்க, காத்தும் குளிரும் அடிச்சு அடிச்சு உயரம் கம்மியா, முறுக்கிக்கிட்டு, தலை மட்டும் சமமா வெட்டி விட்ட மாதிரி நிக்கும், கிளையெல்லாம் பாசியும் சாம்பல் நிறத்துல தாடி தாடியா தொங்குற மரப்பாசியும். தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, பிடுங்க விடாதீங்க. வருஷத்தோட முதல் மாசங்கள்ல போனா ரத்தச் சிவப்புல ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், இமயமலையில இருக்கிற மரக் குடும்பம், தென்னிந்தியாவுல இந்த மாதிரி உயர்ந்த மலைகள்ல மட்டும்தான் இருக்கு. பார்க்கிங் பக்கத்துப் புதர்ல நீலகிரி சிரிப்பான்னு ஒரு பறவை, கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம், வயிறு செம்பழுப்பு, கூட்டமா சிரிக்கிற மாதிரி கத்தும். உலகத்துல வேற எங்கயும் இல்ல, நீலகிரியிலயும் அதை ஒட்டின மலையிலயும் மட்டும்தான். அஞ்சு நிமிஷம் ஸ்பீக்கர்ல பாட்டு போடாம சும்மா நின்னா போதும், தானா வெளிய வரும்.

இன்னொண்ணு. கீழ கடையில வாங்குன சிப்ஸ் பாக்கெட்டை பிரிக்காம மேல கொண்டு போயி பிள்ளைங்க கையில கொடுங்க, பலூன் மாதிரி உப்பி இருக்கும். மேல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குதான், உள்ள அடைச்ச காத்து விரியுது. அதே காரணத்தாலதான் மேல தண்ணி சுமார் 91 டிகிரியிலயே கொதிச்சுடும். ஸ்கூல்ல படிக்கிறது கைமேலயே தெரியும்.

கேள்வி: இ-பாஸ் இப்பவும் வேணுமா? கடைசி நிமிஷத்துல எடுத்துக்கலாமா? (ஈரோடு)

பதில்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லேர்ந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு. காசு கிடையாது, அரசு தளத்துல வண்டி நம்பர், எத்தனை பேர், எந்த நாள்னு போட்டா வந்துடும். நீலகிரி பதிவு வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் தேவையில்ல. 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு எண்ணிக்கையும் கட்டுப்படுத்துனாங்க, அதனால சீசன்னா தேதி முடிவான அன்னைக்கே எடுத்து வச்சிடுங்க, கிளம்புற முன்னாடி அப்ப என்ன விதி இருக்குன்னும் ஒரு தடவை தளத்துல பாத்துக்கோங்க. போன்ல மட்டும் வச்சுக்காம ஒரு பிரிண்ட்டும் எடுத்துக்கோங்க, செக்போஸ்ட்ல சில நேரம் சிக்னல் கிடைக்காது.

கேள்வி: என் பொண்ணுக்கு 7 வயசு. மலை ரோடுன்னாலே மூணாவது வளைவுலயே வாந்தி. இதுக்கு பயந்தே நாங்க எங்கயும் போறதில்ல. (சேலம்)

பதில்: பயப்படாதீங்க, இந்த வயசுல இது ரொம்ப சகஜம், பெரும்பாலும் வளர வளர குறைஞ்சிடும். காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் உறுப்பு நாம வளையுறோம்னு சொல்லுது, கண்ணு காருக்குள்ளயே பாத்துட்டு அசையவே இல்லன்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப் போகாததுதான் பிரச்சினை. அதனால போன், டேப், கலரிங் புக் எதுவும் மலையில வேணாம், நேரா முன்கண்ணாடி வழியா ரோட்டைப் பாக்கிற மாதிரி பின்சீட்டு நடுவுல பெல்ட் போட்டு உக்கார வைங்க. வெறும் வயிறும் கூடாது, நெய் ஊத்துன பொங்கலும் கூடாது, ரெண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு எடைக்குத் தகுந்த அளவு வாங்கி, மலை ஏறுறதுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னாடி மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ளயே கொடுத்துடணும், குமட்ட ஆரம்பிச்ச பிறகு கொடுத்தா அதுவும் வெளிய வந்துடும். ஏசியை நிறுத்திட்டு கண்ணாடியை இறக்கி விடுங்க. குன்னூர் வழியில 14 கொண்டை ஊசி வளைவு, கோத்தகிரி ரோடு அந்தளவுக்கு சுத்தாது, போலீஸ் அந்தப் பக்கம் ஏற விட்டா அந்த வழிதான் உங்களுக்கு.

கைக்குழந்தை இருக்கிறவங்களுக்கும் சொல்லிடுறேன், ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை திடீர்னு அழுதா காது அடைச்சிருக்கும், பால் கொடுங்க, விழுங்கும்போது சரியாயிடும்.

கேள்வி: எங்க அப்பாவுக்கு ஆஸ்துமா, பிபியும் இருக்கு. அவ்வளவு உயரத்துக்கு கூட்டிட்டு போலாமா? (மதுரை வாசகி)

பதில்: கட்டுப்பாட்டுல இருந்தா ரெண்டு மூணு மணி நேரம் போயிட்டு வர்றதுல பெரும்பாலானவங்களுக்கு பிரச்சினை வராது, ஆனா போறதுக்கு முன்னாடி அவரைப் பாக்கிற டாக்டர்கிட்ட உயரத்தைச் சொல்லிக் கேட்டே ஆகணும், சமீபத்துல ஹார்ட் பிரச்சினை வந்தவங்க, நுரையீரல் ரொம்ப பாதிச்சவங்க கண்டிப்பா கேக்கணும். அங்க ஆக்ஸிஜன் குறைவுங்கிறதை விட உடனே தொந்தரவு பண்றது குளிர்காத்துதான், கார் கதவைத் திறந்ததும் மூஞ்சில அடிக்கும், ஆஸ்துமாக்காரங்களுக்கு இழுப்பு வந்துடும். இறங்குறதுக்கு முன்னாடியே காருக்குள்ளயே ஸ்வெட்டர், குல்லா, மூக்கையும் வாயையும் மூடுற மாதிரி மஃப்ளர் எல்லாம் போட்டு விடுங்க. இன்ஹேலர் அவர் சட்டைப்பையில இருக்கணும், டிக்கியில இருக்கிற பெரிய பேக்ல இல்ல. பார்க்கிங்லேர்ந்து மேல நடக்கணும், படியும் இருக்கு, பேசிக்கிட்டே நடக்க முடியுற வேகத்துல போங்க, பேச்சு திக்குனா நின்னுடுங்க. தலைவலி, தலைசுத்தல், மூச்சு வாங்குறது இருந்தா "கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்"னு சொல்லிட்டு இருக்காம உடனே கீழ இறங்கிடுங்க. காலை மாத்திரையை சீக்கிரம் கிளம்புற அவசரத்துல விட்டுடாதீங்க, நிறைய வீட்டுல நடக்கிறது இதுதான்.

கேள்வி: ஒரே நாள்ல மலை ரயிலும் தொட்டபெட்டாவும் முடியுமா? (கரூர்)

பதில்: மேட்டுப்பாளையத்துலேர்ந்து முழுசா போறதுன்னா ஒரு நாள்ல ஒத்துவராது. காலை 7.10-க்கு கிளம்புற வண்டி 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி போய்ச் சேர மத்தியானம் ஆயிடும், திரும்புற வண்டி 2 மணிக்கு, நடுவுல சாப்பிடத்தான் நேரம். தங்குற மாதிரி வரும்போது அதைத் தனியா வச்சுக்கோங்க, கல்லாறுலேர்ந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்துல கடிச்சு கடிச்சு ஏறுறது நின்னு ரசிக்க வேண்டிய விஷயம், 2005-லயே யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆக்கியாச்சு. பிள்ளைங்க ரொம்ப அடம்பிடிச்சா, காலைல உச்சியை முடிச்சுட்டு ஊட்டி - குன்னூர் மட்டும் ஒரு மணி நேரப் பயணம், முன்னாடியே டிக்கெட் போட்டு ஏத்தி விட்டுட்டு, காரை ஒருத்தர் குன்னூர் ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டு வந்துடலாம்.

கேள்வி: சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா? (நாமக்கல்)

பதில்: தாராளமா. புளிசாதம், தயிர்சாதம், சப்பாத்தி, எல்லாம் எவர்சில்வர் டப்பாவுல. நீலகிரியில ஒரு தடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை, ஒரு லிட்டர், அரை லிட்டர் தண்ணி பாட்டிலையும் செக்போஸ்ட்லயே வாங்கிடுவாங்க, அபராதமும் உண்டு. வீட்டு பாட்டில் எடுத்துட்டுப் போங்க, வழியெல்லாம் தண்ணி ஏடிஎம் இருக்கு. உச்சியில வச்சு டப்பாவைத் திறக்காதீங்க, குரங்கு கையிலேர்ந்தே பறிக்கும், பிள்ளைங்க பயந்துடும். மீந்த சோத்தை "பாவம் சாப்பிடட்டும்"னு ரோட்டோரம் கொட்டவே கொட்டாதீங்க, அதைத் தேடித்தான் குரங்கும் காட்டுமாடும் ரோட்டுக்கு வருது, வண்டியில அடிபட்டுச் சாகுது.

கேள்வி: வீட்டுக்காரர் சமவெளியில நல்லா ஓட்டுவார், மலையில இதுதான் முதல் தடவை. ஆட்டோமேட்டிக் கார். (திருச்சி)

பதில்: ஏறுறதை விட இறங்குறதுலதான் கவனம் வேணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குனா சூடாகி, பிரேக் ஆயில் கொதிச்சு, பெடல் மெதுமெதுன்னு உள்ள போயிடும், அதுக்கப்புறம் பிடிக்காது. ஏறுறதுக்கு எந்த கியர் தேவைப்பட்டுச்சோ அதே கியர்லயே இறங்கணும், ஆட்டோமேட்டிக்னா டி-யிலயே விடாம எல் இல்லன்னா மேனுவல் மோடுல ரெண்டாவது கியருக்கு மாத்திக்கணும், அது எப்படி மாத்துறதுன்னு வீட்டுல இருக்கும்போதே பழகிட்டு வரச் சொல்லுங்க. நியூட்ரல் போட்டு இறங்குறது பெட்ரோல் மிச்சம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. வளைவுல ஹாரன், ஏறி வர்ற வண்டிக்கு வழி, பஸ் திரும்பும்போது முழு ரோடும் அதுக்கு வேணும், தள்ளியே நின்னுடணும். கருகுன வாசம் வந்தா ஓரமா அகலமான இடத்துல நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க, சக்கரத்து மேல தண்ணி ஊத்தக்கூடாது. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை நேரம், குன்னூர் ரோட்டுல மண் சரியும், மரம் விழும், அந்த மாசத்துல போறதா இருந்தா முந்தின நாள் ராத்திரி ரோடு நிலவரம் பாத்துட்டு, மழை எச்சரிக்கை இருந்தா தேதியை மாத்திடுங்க. முதல் தடவை ஓட்டுறவருக்கு ஜனவரி, பிப்ரவரி வார நாள் ஒண்ணு பாத்துப் போங்க, வானமும் தெளிவா இருக்கும், ரோடும் காலியா இருக்கும்.